நாலாவது ஆள்

மூன்று பேராகச் சேர்ந்து எங்கும் கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். பெண் பார்க்கப் போனாலும் சரி, நிலம் பார்க்கப் போனாலும் சரி, மூன்று பேர் என்றால் போன காரியம் உருப்படாது. வேறு வழியே இல்லையென்றால் வாசலில் ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். கல்லோடு சேர்த்து நாலு பேர் ஆகிவிடும். போன இடத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வரலாம், யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

ஆகவே பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நாத்தனார் பாஞ்சாலி கல் எடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான், என் மகள் லோகிதா, பாஞ்சாலி என்று மூன்று பேர்தான் போகிறோம். கல் எடுக்காமல் அவள் வாசல்படி இறங்கியிருந்தால்தான் ஆச்சரியம். எடுத்த கல்லைப் பார்த்தபோதுதான் நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

அது வாசலில் கிடந்த கல் இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு வருஷமாக இருக்கிற கல். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டிய காலத்தில் திருத்தணி மலைப்பாதையில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கருங்கல். தேங்காய் அளவு இருக்கும். டயர் உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

"இது எதுக்குக்கா? வாசல்ல அத்தினி கல்லு கெடக்குது."

"கெடக்கட்டும். எல்லாம் கல்லுதானே," என்றாள் பாஞ்சாலி.

எல்லாம் கல்தான் என்றால் அதற்கு எதற்கு அவருடைய நீலக்கட்டம் போட்ட துண்டைச் சுற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கிறவள். பேரம் பேச வந்தவர்களே கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கல்லை ஒயர்கூடையில் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்து, அது அசையாமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்தாள்.

அவர் பெயர் தணிகைவேல். முன்பெல்லாம் நான் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மாசி மாதம், ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு பறவை பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போனார். அவர்கள் படகில் ஏறிப் போன நேரத்தில், ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் குளித்துவிட்டு வருகிறேன் என்று கரையில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அவர்கள் திரும்பி வந்தபோது வேன் இருந்தது. டிரைவர் சீட்டில் சட்டை மடித்து வைத்திருந்தது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தது. அவர் மட்டும் இல்லை.

மீனவர்கள் இரண்டு நாள் வலை போட்டுத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் லோகிதாவுக்கு வீடியோ கால் போட்டிருந்தார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. தண்ணீருக்கு அப்பால் ரோஸ் கலரில் ஒரு கோடு மாதிரி ஏதோ தெரிந்தது, அதுதான் பூநாரை என்றார். "எங்க நைனா, ஒண்ணுமே தெரில," என்று இவள் சிணுங்கினாள். "அடுத்த வாட்டி உன்னக் கூட்டிகினு வந்து கிட்டத்துல காட்டறேன்," என்றார். எங்களிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அந்த நம்பர் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. நானே இரண்டொரு தடவை கூப்பிட்டு, அந்தப் பக்கம் ஹலோ என்றதும் வைத்திருக்கிறேன்.

பாஞ்சாலி அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதற்காகவே கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்டவள். போலீஸ்காரர்கள் வேனை அந்தக் கல்லோடு கொண்டுவந்து விட்ட அன்றைக்கே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "உடம்பு வரல. உடம்பு வராம இன்னா சாவு?" அவ்வளவுதான். சடங்கு இல்லை, படத்துக்கு மாலை இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் என்னை எதிரில் உட்கார வைத்துத் தன் கட்டைவிரலாலேயே என் நெற்றியில் குங்குமம் வைப்பாள். ராத்திரிச் சோற்றில் ஒரு ஆளுக்கு எடுத்துப் பீரோ ஓரத்தில் மூடிவைப்பாள், காலையில் அதைத் தண்ணீர் ஊற்றித் தானே தின்பாள். என் கண் கொஞ்சம் கலங்கினால் போதும், "உயிரோட இருக்கறவன அழுது தொலைச்சிடாத," என்பாள்.

நான் அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். ரயிலில் தினம் எத்தனையோ பேர் செத்தவர்களைப் பற்றிப் பேசி, மூக்கைச் சிந்தி, அடுத்த ஸ்டேஷனில் சுண்டல் வாங்கித் தின்பதைப் பார்க்கிறேன். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருக்கும். நான் அழுதால் அவரை நானே கொன்றதாகிவிடும். அழாமல் இருந்தால் அவர் வீட்டுக்குள்ளேயே, கதவுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் சத்தத்தில், எங்கோ நின்றுகொண்டே இருப்பார். அவர் வேண்டும் என்று இருந்தது போய், வருவாரா மாட்டாரா என்று யாராவது சொல்லித் தொலைத்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

போகலாம் என்று கேட்டது லோகிதாதான். பள்ளிக்கூடத்தில் யாரோ பூநாரை படம் காட்டியிருக்கிறார்கள். பாஞ்சாலி மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "போவலாம், நானும் வரேன்," என்றாள்.

பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் கூடையை வைத்து, பக்கத்தில் பாஞ்சாலி உட்கார்ந்தாள். பின்சீட்டில் நானும் மகளும். கண்டக்டர் வந்தார்.

"எத்தினி?"

"நாலு," என்றாள்.

"மூணு பேருதான கீறீங்க?"

"நாலு குடுங்க."

காசு கொடுத்தால் கிழித்துக் கொடுப்பதில் அவருக்கு என்ன நஷ்டம். நாலாவது டிக்கெட்டை மடித்துத் துண்டின் மடிப்புக்குள் செருகினாள் பாஞ்சாலி. கல்லுக்கு டிக்கெட் வாங்கிய முதல் பொம்பளை இவளாகத்தான் இருக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று பேர் தோஷத்துக்காக அவள் கல் எடுக்கவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் விட்டுவிட்டுப் போன இடத்துக்கே கூட்டிப்போய், அவனுக்கு வழி காட்டித் திரும்ப அழைத்துவரப் போகிறாள்.

வழியில் மீன் கூடையோடு ஒரு அம்மா ஏறினாள். "கொஞ்சம் கூடைய எடும்மா, உக்காரணும்," என்றாள்.

"ஆள் இருக்குது," என்றாள் பாஞ்சாலி.

அந்த அம்மா சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜன்னலோரத்தைப் பார்த்தாள். பாஞ்சாலி முகத்தைப் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டாள். இறங்கும் வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பழவேற்காட்டில் இறங்கி டீக்கடையில் மூன்று டீ சொன்னோம். நாலு வந்தது.

"மூணுதானே சொன்னோம்," என்றேன்.

"பின்னால ஒருத்தரு நின்னாரே, உங்க கூட இல்லியா?" என்றார் கடைக்காரர். பிறகு அவரே எட்டிப் பார்த்துவிட்டு, "போயிட்டாரு போல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். யார் யாரோ பின்னால் நிற்பார்கள், போவார்கள். எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாஞ்சாலி நாலாவது கிளாஸை வாங்கிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை அது அங்கேயே ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்தது. லோகிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படுகிறாளா என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், அவள் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேன் நின்ற இடத்தை, நாங்கள் படகு பேசிய ஆளே காட்டினார், அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. சவுக்கு மரத்தடி. அங்கே இப்போது இளநீர் விற்கிறார்கள். அதற்கு அப்பால் மணல், அதற்கும் அப்பால் முகத்துவாரம். நாலு வருஷமாக நான் கண்ணை மூடினால் வருகிற இடம். கறுப்பாக, ஆழமாக, வாயைத் திறந்துகொண்டிருக்கும் என்று வைத்திருந்தேன். பிளாஸ்டிக் டம்ளர் கிடக்கிற சாதாரண மணல். நாய் ஒன்று படுத்திருந்தது. இதற்கா அவரைக் கொடுத்தோம் என்று ஆத்திரமாக வந்தது.

"அந்தப் பக்கம் படகு போவாது. இழுத்துனு போயிடும்," என்றார் படகுக்காரர். வயசானவர், காதில் கடுக்கன். "ஏரிக்குள்ள கூட்டினு போறேன். பூநாரை அங்கதான் மேஞ்சுகினு கீது. இடுப்பளவுத் தண்ணிதான், பயமில்ல."

படகில் ஏறும்போது முதலில் கூடையைத்தான் ஏற்றினாள் பாஞ்சாலி.

எங்கள் ஊரில் கல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். யாராவது செத்தால் கல் நடுவோம். செத்தவர் கருமாதி வரைக்கும் அந்தக் கல்லில் இருப்பார். அதற்குத்தான் சோறு படைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம். கருமாதி அன்று நந்தியாற்றில் கொண்டுபோய் அதைத் தண்ணீரில் விடுவோம். பிள்ளைதான் விட வேண்டும். விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். பார்த்தால், போகிறவர் கூடவே வந்துவிடுவார். நாலு வருஷமாகக் கல்லுக்குப் பக்கத்தில் சோறு மூடிவைக்கிறவளுக்கு இது தெரியாதா? எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

படகுக்காரர் கழியை ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளினார். கரைச் சத்தம் குறைந்தது. முதலில் கூழைக்கடாக்கள் வந்தன, அலகுக்கடியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. பிறகு படகுக்காரர் கழியை நிறுத்தினார். "பேசாதீங்க," என்றார்.

வீடியோவில் கோடாகத் தெரிந்ததெல்லாம் கால்கள். ஆயிரக்கணக்கில் மெல்லிய சிவந்த கால்கள். உடம்பு அநேகமாக வெள்ளைதான், ரோஸ் என்பது சும்மா. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அத்தனையும் சேர்ந்து அடித்தொண்டையில் முனகுகிற சத்தம் தண்ணீர்மேல் வந்துகொண்டே இருந்தது. அடுத்த அறையில் நிறையப் பேர் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிற மாதிரி இருந்தது. காது கொடுத்தால் ஒரு வார்த்தை பிடிபட்டுவிடும் போலிருந்தது. நான் காது கொடுத்தேன், பிடிபடவில்லை.

லோகிதா கூடைக்குள் கையை விட்டாள். துண்டைப் பிரித்துக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். பாஞ்சாலி தடுக்கவில்லை, அவள் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிள்ளை கல்லைப் படகின் விளிம்பில் வைத்து, வழவழப்பான பக்கத்தைப் பறவைகள் பக்கம் திருப்பினாள்.

"பாரு நைனா," என்றாள். "இப்ப நல்லாத் தெரிது."

அவள் அதைச் சொன்ன விதம் சாதாரணமாக இருந்தது. நாலு வருஷமாக இந்தப் பிள்ளை அந்தக் கல்லோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது, பீரோ இடுக்கில் உட்கார்ந்துகொண்டு. நான் வேலைக்குப் போய்விட்டேன், எனக்குத் தெரியவில்லை.

எது மிரட்டியதோ, கூட்டம் ஒரே மூச்சில் எழுந்தது. றெக்கை விரிந்தபோதுதான் உள்ளேயிருந்த சிவப்பு தெரிந்தது. வானம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும். அத்தனை றெக்கைச் சத்தத்தில் கல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. விளிம்பில் பிள்ளையின் இரண்டு கைகள் மட்டும் இருந்தன, நடுவில் ஒன்றும் இல்லை.

"ஐயோ, இன்னாடி பண்ண," என்றேன்.

லோகிதா என்னைப் பார்க்கவில்லை. பாஞ்சாலியைப் பார்த்தாள். "நான் வுடல அத்தே," என்றாள். "கெட்டியாதான் புடிச்சினு இருந்தேன். நைனாவா போனாரு."

பாஞ்சாலி எழுந்து நின்றாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அறையப் போகிறாள் என்று நினைத்துப் பிள்ளையை இழுத்து மடியில் அமுக்கினேன். அவள் எங்களைத் தாண்டிக்கொண்டு, புடவையோடு, அப்படியே தண்ணீரில் இறங்கினாள்.

"அம்மா, சேறு, காலு மாட்டிக்கும்," என்று கத்தினார் படகுக்காரர். அவள் காதில் வாங்கவில்லை. தண்ணீர் அவள் இடுப்புக்குத்தான் இருந்தது. குனிந்து, கன்னம் தண்ணீரில் படும்படி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவினாள். கிளிஞ்சல் வந்தது, வீசினாள். அறுந்த வலை வந்தது, வீசினாள். "தணிகா, தணிகா," என்று பல்லுக்குள்ளே சொல்லிக்கொண்டே துழாவினாள், சின்னப் பிள்ளையில் அவரைக் கூப்பிடுகிற பெயர் அது. கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், திருத்தணி முருகனையே கூப்பிட்டு அதைத்தான் வேண்டிக்கொண்டேன். கிடைத்தால் இன்னொரு நாலு வருஷம், அதற்கப்புறம் இன்னொரு நாலு. வெள்ளிக்கிழமைக் குங்குமம், மூடிவைத்த சோறு, இந்தப் பிள்ளை பீரோ இடுக்கில்.

அப்போது அவள் கை நின்றது.

முதுகு நின்றது. தோள் இறுகியது, கனமான ஒன்றைத் தூக்கப் போகிறவள் தோள் இறுகுகிற மாதிரி. கிடைத்துவிட்டது. எனக்கும் தெரிந்தது, கழியைப் பிடித்துக்கொண்டிருந்த படகுக்காரருக்கும் தெரிந்தது, அவர் வேறு பக்கம் பார்த்தார். பறவைகள் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. பாஞ்சாலி குனிந்தபடியே இருந்தாள். தலையைத் திருப்பி, என் மடியில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நெற்றியை. ரொம்ப நேரம் பார்த்தாள். தண்ணீருக்குள் ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை.

நிமிர்ந்தபோது இரண்டு கையிலும் கறுப்புச் சேறு மட்டும்தான் இருந்தது.

"கெடைக்கல," என்றாள்.

படகுக்காரர் கை கொடுத்து ஏற்றினார். அவள் நனைந்த கையைப் பிள்ளையின் தலைமேல் வைத்தாள். லோகிதா நிமிர்ந்து, கல் விழுந்த பக்கம் கழுத்தைத் திருப்பப் போனாள். பாஞ்சாலி அவள் கன்னத்தைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பினாள்.

"திரும்பிப் பாக்காத கண்ணு," என்றாள்.

நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். படகு கரைக்கு வரும் வரை நாங்கள் யாரும் திரும்பவில்லை. பின்னால் தண்ணீரில் யாரோ நடந்து வருகிற மாதிரி சளக் சளக் என்றது. கழி ஊன்றுகிற சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பஸ் வரக் காத்திருந்தோம். பாஞ்சாலியின் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். லோகிதா தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, குனிந்து ஒரு ஜல்லிக் கல்லை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தே, மூணு பேராப் போவக் கூடாதில்ல?"

"வாணாம், போட்டுடு," என்றாள் பாஞ்சாலி.

பஸ் வந்தது. போகும்போது கூடை இருந்த மாதிரி இடத்தில், ஜன்னலோரமாக, இந்தத் தடவை பாஞ்சாலி என்னை உட்காரச் சொன்னாள். பிள்ளை என் மடியில். பக்கத்தில் அவள், ஈரப் புடவையோடு. காலியாக ஒரு இடமும் இல்லை. கண்டக்டர் வந்தார்.

"எத்தினி?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் கை என் கையைத் தேடி வந்து பிடித்தது, விரல் நுனியெல்லாம் கிளிஞ்சல் கீறி ரத்தம் உறைந்திருந்தது.

"எத்தினிம்மா?"

"மூணு," என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அழுகை. பொன்னேரி வரும் வரை அழுதேன். அவள் என் கையை விடவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.